பாலத்துக்குப் பன்னிரண்டு மைல்

அண்ணனூர்
4-12-96, புதன்கிழமை

அன்பு மகன் கோவிந்தராஜுக்கு உன் நைனா உலகநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பருத்திப்பட்டில் உன் தங்கை வீட்டாரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கடல் தாண்டி மஸ்கட்டில் இருக்கிற உனக்கு உடம்பும் மனசும் இரண்டும் நன்றாக இருக்கணும் என்று திருவேற்காட்டு அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எழுதுவது என்றால் சொல்கிறது நான், எழுதுகிறது எப்போதும் போல உஸ்மான் கனி. நான் சொல்கிற கீது, கீறேன் எல்லாவற்றையும் அவன் இருக்கிறது, இருக்கிறேன் என்று மாற்றிப் போடுகிறான், போடட்டும். மற்றதில் கை வைக்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடியே எழுதணும் என்று இன்றைக்கு அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்கார வைத்திருக்கிறேன். எதற்கு இந்த சத்தியம் என்று கேட்டான், எழுத எழுதத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே நாலு நாளாக மழை விடவில்லை. புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பருத்திப்பட்டு ஏரி ரொம்பி ரோட்டு மேல் தண்ணீர் போகிறது, உன் தங்கை தாட்சாயிணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நேற்று இங்கே வந்துவிட்டாள், வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. ரயில் கார் ஷெட்டில் தண்டவாளம் தெரியவில்லை, நம் வாசலில் கணுக்கால் அளவு நிற்கிறது. உன் அம்மா ஜெகதாம்பாளுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. மழை பிடித்தால் அவள் ஒன்றையே கேட்பாள், மஸ்கட்டில் மழை பெய்யுமா, அவனிடம் குடை இருக்கிறதா என்று. அங்கே எல்லாம் வெயில்தான் என்று சொன்னால் வெயிலுக்கும் குடை வேணும் இல்லையா என்பாள். நீ வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து உடனே ஐஸ் தண்ணீர் குடிக்காதே. ஏசி அறையில் ஈரத் தலையோடு படுக்காதே. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. உனக்கு முப்பத்திரண்டு வயசாகிவிட்டது, பெண் பார்க்கணும் என்று உன் அம்மா வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். உன் கருப்பு சைக்கிள் உள் அறையில் நிற்கிறது. மாசத்துக்கு ஒரு தடவை செயினுக்கு எண்ணெய் விட்டு பெடலைக் கையால் சுற்றி வைப்பேன். யாரும் ஏறியது இல்லை.

உன் கடிதங்கள் எல்லாம் தவறாமல் வருகிறது. எல்லாம் அம்மா பேருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என்னைப் பற்றி எழுதியிருக்கிற இடம் மட்டும் தெரியும். கடைசி வரிக்கு முந்தின வரி. நைனாவை விசாரித்ததாகச் சொல்லவும். எட்டு வருசமாக அதே இடத்தில் அதே வரி. உஸ்மான் படித்து முடித்து மடிக்கப் போகும்போது காகிதத்தை வாங்கி அந்த இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுக் கொடுப்பேன். எந்த வரி என்று அவனுக்கும் தெரியும். அங்கே போன மற்றவர்கள் எல்லோரும் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை லீவில் வந்துவிட்டுப் போகிறார்கள், நம்ம தெரு நாகவல்லி மகன் மூன்று தடவை வந்துவிட்டான். உன் அம்மா கேட்டால் கம்பெனியில் லீவு விடவில்லை என்று எழுதுகிறாய். அவள் நம்புகிறாள், இல்லை நம்புகிற மாதிரி இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் கோவிந்து. வராதே என்று சொன்னவன் நான்தானே.

போன மாசம் உஸ்மான் ரிட்டயர் ஆனான். கார் ஷெட்டில் அவனுக்கு மாலை போட்டு, பூந்தமல்லியில் அவன் வீட்டில் பிரியாணி. பழைய ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்ததும் பேச்சு ராமேஸ்வரம் சைக்கிள் பயணத்துக்குப் போய்விட்டது, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். பால்ராஜ் தெரியும் இல்லையா, வாயாடி, அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அந்த லாரிக்காரன் மட்டும் வராம இருந்திருந்தா நாம பத்துப் பேரும் கடல் மேல சைக்கிள் உட்டுகினு போயிருப்போம் மாமே" என்றான். லாரிக்காரன் என்றால் லாரி ஓட்டினவன் இல்லை, உன்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், உனக்குத் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு வருசமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அன்றைக்கு ஏனோ பாதிச் சிரிப்பில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது, அவன்கிட்ட சொல்லு" என்றாள். அன்றிலிருந்து எனக்குத் தானாகச் சோறு போடவில்லை, கேட்டால் போடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். வேறு யாரையாவது வைத்து எழுதியிருக்கலாம், உஸ்மான் மகள் ஜமீலா டீச்சர், அழகாக எழுதுவாள். வேண்டாம், அன்றைக்கு நம்மை நடத்திக்கொண்டு போனவன் கையாலேயே இது எழுதப்படணும் என்று முடிவு பண்ணினேன்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, இதெல்லாம் ஒரு காகிதத்தில் இருக்கணும். 88-ல் பாம்பனில் கடல் மேல் ரோட்டுப் பாலம் திறந்தார்கள். ரயிலில் போகிற பாலம் பார்த்தாயிற்று, ரோட்டுப் பாலத்தை மிதித்துக் கடக்கணும் என்று உஸ்மான் ஆரம்பித்தான். அந்த டிசம்பர் முப்பத்தொன்றோடு எனக்கு ரயில்வேயில் கலாசி வேலை முடிகிறது, அதற்குள் போகணும் என்று மழைக்காலம் என்றுகூடப் பார்க்காமல் லீவு போட்டோம். ஒன்பது பேர் கார் ஷெட் ஆட்கள், பத்தாவது நீ. கலாசி மகனும் கலாசிதான் என்று உஸ்மான் சேர்த்துக்கொண்டான். ஆனால் உன்னை அனுப்பினது உன் அம்மா. அவரு ரோசக்காரரு, முடியலைன்னு வாய்விட்டு சொல்ல மாட்டாரு, நீ பின்னாலயே போ என்று உன்னிடம் சொன்னது எனக்கு அப்போதே காதில் விழுந்தது. மூன்று சட்டம் வைத்தான் உஸ்மான். பத்துப் பேர் கிளம்பினால் பத்துப் பேரும் போய்ச் சேரணும், ஒருவன் வேறு வண்டியில் ஏறினாலும் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது. மெல்லப் போகிறவன் முன்னால் போகணும், அப்போதுதான் யாரும் பின்தங்கிக் காணாமல் போக மாட்டார்கள். நிற்கணும் என்றால் இரண்டு தடவை பெல். வழியில் இருக்கிற பெரிய ஸ்டேஷனில் எல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரிடம் உஸ்மான் கொண்டுவந்த கார்டில் முத்திரை வாங்கி எல்லோரும் கையெழுத்துப் போடணும், நான் பெருவிரல் வைப்பேன். ஐம்பத்தெட்டு வயசு, நான்தான் மெல்லப் போகிறவன், நான்தான் முன்னால். எனக்குப் பின்னால் நீ.

திண்டிவனம், விருத்தாசலம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அரியலூரில் மழை பிடித்தது. அங்கிருந்து நம் உடம்பில் காய்ந்த துணி பட்டது கிடையாது. யூரியா சாக்கின் பிளாஸ்டிக் பையை அறுத்துத் தலையில் மாட்டிக்கொண்டோம். செயினில் மணல் ஏறி அரைக்கிற சத்தம், பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு இரும்பில் உரசுகிற சத்தம், அதைத் தவிர ரோட்டில் வேறு சத்தம் இல்லை. உட்காருகிற இடம் புண்ணாகித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஏறுவோம். காரைக்குடி ஸ்டேஷனில் பால்ராஜ் ஷூவைக் கழற்றினால் கால் விரல் எல்லாம் வெளுத்து வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. அப்படியும் அவன் வாய் ஓயவில்லை. "டேய் கோவிந்து, உன் நைனா முதுவுல இன்னாடா எழுதிகீது, நாலு நாளா படிச்சிகினே வர்றே" என்று உன்னைக் கேட்டான். நீ சொன்னாய், "பெரிய எழுத்துண்ணே, இன்னும் ஒரு வரிகூட முடியல." எல்லோரோடும் நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முன்னால் பார்த்துத்தான் மிதித்தேன்.

ஆறாம் நாள் ராமநாதபுரத்தில் முத்திரை வாங்கும்போது என் பெருவிரல் ரேகை ஈரத்தில் கலைந்து வெறும் நீலக் கறையாக நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் காற்று அதிகமாக இருக்கிறது, போகாதீர்கள் என்றார். இன்னும் இருபது சொச்சம் மைல்தான் பாலம் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நைனா, இங்கிருந்து நான் முன்னால் போகிறேன், காற்று எதிரில் வருகிறது, நீ என் பின்னால் வந்தால் உனக்குக் கொஞ்சம் தடுக்கும் என்றாய். நீ சொன்னது சரி. வெயிலுக்குப் போட்ட சட்டம் அது, எதிர்க்காற்றில் முன்னால் போகிறவன்தான் எல்லோருக்கும் சேர்த்து அடி வாங்குவான். சைக்கிள் மிதித்தே கிழவனான எனக்கு அது தெரியாதா. ஆனால் நீ சொல்லி நான் பின்னால் போவதா என்று வந்துவிட்டது. எனக்குச் சொல்ல வந்துட்டியா என்று அதட்டினேன். உஸ்மானும் சட்டம் சட்டம்தான் என்றான். கிளம்பினோம். ரோடு கிழக்கே திரும்பியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் பனைமரம் வளைந்து மட்டை எல்லாம் ஒரே பக்கம். மழை மேலிருந்து வரவில்லை, எதிரிலிருந்து வந்தது, கண் திறந்தால் மணல் அடிக்கிற மாதிரி. நடக்கிறவன் நம்மைத் தாண்டிப் போய்விடுவான், அந்த வேகம். நாலு மணி நேரத்தில் பத்து மைல்.

இனிமேல் சொல்கிறதைத்தான் இதுவரைக்கும் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம் வரும்போது என் இடது கை விரல் மடங்கவில்லை. தொடை நடுங்கியது, பல் கிட்டியது. எதிரில் ஒரு மதகு தெரிந்தது, இரண்டு பக்கமும் செம்மண் தண்ணீர் புரண்டு ஓடுகிறது. அந்த மதகு வரைக்கும் போய் அங்கே விழுந்துவிடலாம் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். தானாக விழவில்லை கோவிந்து, விழுவதாக முடிவு பண்ணினேன். இறங்கினால் ஆறு நாள் உழைப்பைக் கெடுத்தவன் என்று பேர் வரும், விழுந்தவனை யாரும் இறங்கினவன் என்று சொல்ல மாட்டார்கள் இல்லையா. தண்ணீரில் போனால் போகட்டும் என்றுகூட வந்துவிட்டது. அப்போது பின்னால் உன் பெல் இரண்டு தடவை அடித்தது. கேட்டது. நான் நிற்கவில்லை. மறுபடி இரண்டு தடவை. மதகுக்கு இருபது அடி இருக்கும்போது நீ பக்கத்தில் வந்து என் ஹேண்டில்பாரைப் பிடித்தாய். என் காது ஓரமாக வாயை வைத்துச் சொன்னாய். "நான் எறங்கறேன் நைனா. நீ எறங்கல, சரியா?" அவ்வளவுதான். காற்றில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அப்புறம் நீ முன்னால் போய் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று, எதிரில் வந்த மீன் லாரியை நிறுத்தி, டிரைவர் திட்டத் திட்ட சைக்கிளைத் தூக்கி மேலே போட்டு ஏறிக்கொண்டு, என்னால முடியல உஸ்மான் மாமா, மன்னிச்சிக்கோங்க என்று கும்பிட்டாய். இருபத்துநாலு வயசுப் பிள்ளை, பத்துப் பேரில் மூச்சு வாங்காத ஒரே ஆள் நீதான். அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. வண்டியைத் திருப்பு என்றான் உஸ்மான். திரும்பியதும் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, மிதிக்காமலே ராமநாதபுரம் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிழைத்தோம் என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரைக்கும் விழுங்க முடியவில்லை.

பிளாட்பாரத்தில் நீ எங்களுக்கு முன்னால் வந்து நின்றாய், கையில் எனக்கு ஒரு டீயும் எங்கிருந்தோ வாங்கின காய்ந்த துண்டும். எட்டுப் பேரும் உன்னைக் கண்டபடி பேசினார்கள். நான் பேசாமல் இருந்தால் அவர்கள் கண் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் வந்த சொல் அது. "பாதியில எறங்கறவன் என் ஊட்டுப் படி ஏறத் தேவையில்ல" என்றேன். டீயைப் பெஞ்சில் வைத்தாய், துண்டை அதன் பக்கத்தில் வைத்தாய், போய்த் தள்ளி நின்றாய். ரயிலில் இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்து வந்தாய். வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், என்னோடு பேசினாய், ஆனால் பங்குனியில் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டாய். நான் சொன்ன சொல்லை நீ எனக்காக முழுசாகக் காப்பாற்றுகிறாய். அன்றைக்கு அந்த டீயை நான் குடித்தேன் கோவிந்து. நீ பார்க்கவில்லை. ஆறிப் போயிருந்தது, மழைத் தண்ணீர் விழுந்திருந்தது, முழுசாகக் குடித்தேன்.

இவ்வளவும் சொன்னதும் உஸ்மான் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். வாசலுக்குப் போய்த் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான், உன் அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள், வாங்கவில்லை. திரும்பி வந்து, "எட்டு வருசமா அந்தப் புள்ளய லாரிக்காரன் லாரிக்காரன்னுகினு இருந்தேனே, பக்கத்துலதானே இருந்தே அண்ணாத்தே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்றான். பிறகு அவனே, காத்துல உன்ன முன்னால உட்டேனே, நான் மட்டும் இன்னா யோக்கியம் என்றான். இதையும் எழுது என்றேன், எழுதிவிட்டான். அந்தக் கார்டு அவனிடம்தான் இருக்கிறதாம். உன் பேருக்கு நேராக சிவப்பு மையில் லாரி என்று எழுதி வைத்திருக்கிறானாம், எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும். போய் முதல் வேலையாக அதை அடிக்கிறேன் என்கிறான். அதை நீ மட்டும் அடிக்கக் கூடாது, நான் எட்டுப் பேர் முன்னால் சொன்ன சொல், எட்டுப் பேர் முன்னால்தான் திருப்பி எடுக்கணும் என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மழை விட்டாலும் விடாவிட்டாலும் பால்ராஜ் வீட்டில் எல்லோரையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். பால்ராஜ் எனக்கு என்ன பேர் வைப்பானோ வைக்கட்டும்.

நீ மன்னிக்கணும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அது உன் இஷ்டம். எனக்கு வேறு ஒன்றுதான் உறுத்துகிறது. ஆறு நாள் நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஹேண்டில் ஆடிவிடும் என்று இருந்துவிட்டேன். இப்போது மழைச் சத்தம் கேட்டால் அந்த ஆறு நாளையும் ஒவ்வொரு மைலாக நினைத்துப் பார்க்கிறேன், எந்த ஸ்டேஷனில், எந்தக் கடைத் திண்ணையில் ஒதுங்கினோம் என்பது வரைக்கும் வருகிறது, உன் முகம் மட்டும் வருகிறதில்லை. பெல் சத்தம் வருகிறது. எனக்கு இப்போது அறுபத்தாறு. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார், இன்னும் முகம் தெரிகிற கண்தான். மாசி மாசம் அங்கே காற்று இருக்காது. நாம் நின்ற மதகிலிருந்து பாலத்துக்குப் பன்னிரண்டு மைல். மற்றவர்களை இழுத்துக்கொண்டு வருவது தன் பொறுப்பு என்று உஸ்மான் சொல்லிவிட்டான். இந்தத் தடவை நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன். முடியவில்லை என்றால் இரண்டு தடவை பெல் அடிப்பேன், நீ திரும்பிப் பார்.

அம்மனும் அந்த ராமநாதசாமியும் உன்னைக் காப்பாற்றட்டும், அல்லாவும் உடன் இருப்பார் என்று உஸ்மான் தன் பங்குக்குச் சொல்கிறான். உன் அம்மா ஆசி சொல்லி, லீவு விடுகிறார்களா என்று கேட்கச் சொல்கிறாள், கேட்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள். வரும்போது நல்ல மழைக்கோட்டு இரண்டு வாங்கி வா, யூரியா பை இனிமேல் வேண்டாம். பதில் இந்தத் தடவை என் பேருக்குப் போடு. உலகநாதன் என்று உறை மேல் எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று ஜமீலாவிடம் கேட்டு வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறேன், தபால்காரர் கையில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நம் வீட்டுப் படி தண்ணீரில் இருக்கிறது, நீ வருவதற்குள் வடிந்துவிடும்.

இப்படிக்கு
உன் நைனா
உலகநாதன்
(இடது கைப் பெருவிரல். மை முழுக்கக் காய்ந்த பிறகுதான் மடிக்கணும் என்று உஸ்மானிடம் சொல்லி, மழைக் காற்று படாமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இது கலையாது.)